நாலாம் தொட்டி மீனும் என் அக்கியும்

ஒரு பெண்ணுக்குச் சக்களத்தி எந்த உருவத்திலும் வரலாம். எனக்கு ஜிலேபிக் கெண்டையாக வந்தது.

என் கணவர் காரைக்குடியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர். மீன் மிரண்டால் அதன் உடம்புக்கு என்ன ஆகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. கல்லூரியில் இடம் போதாதென்று எங்கள் கொல்லையிலும் சிமெண்டுத் தொட்டிகள் கட்டி மீன் விட்டார். அன்றோடு வீட்டின் சட்டதிட்டம் மாறிவிட்டது. தொட்டிப் பக்கம் வேகமாக நடக்கக் கூடாது. பாத்திரத்தை ணங்கென்று வைக்கக் கூடாது. அடுப்படி கொல்லையை ஒட்டி இருந்ததால், நான் மிக்ஸியை முன்னறைக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சட்னி அரைத்தேன்.

"மிரண்டா அதுக ரத்தத்துல கார்ட்டிசால்னு ஒன்னு ஏறும்," என்பார். "கொஞ்ச நேரம்னா நல்லதுதான், தப்பிச்சு ஓடத் தெம்பு குடுக்கும். நாள்கணக்கா எறங்காம இருந்துச்சுன்னா நோயை எதிர்க்கிற சக்தி போயிரும். தண்ணியில எப்பவும் கெடக்குற கிருமிதான், அப்பப் பாத்து ஏறி உக்காந்துக்கிரும்."

இதைச் சொல்லும்போது அவர் குரல் குழையும். பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

போன கோடையில் வலையபட்டியில் என் நாத்தனார் வீட்டில் மராமத்து நடந்தது. நாத்தனார், அவர் கணவர், அவருடைய மாமியார், பிள்ளைகள் எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினார்கள். ஒருவருக்கு இட்லி, ஒருவருக்குக் கஞ்சி, ஒருவருக்குச் சர்க்கரை இல்லாத காபி. நான் உட்கார்ந்து சாப்பிட்டு வாரக்கணக்காகியிருந்தது. அந்தச் சமயத்தில்தான் என் கணவர் நாலாம் தொட்டியிலிருந்து பாதி மீன்களை எடுத்து வேறு தொட்டிக்கு மாற்றினார்.

"நெரிசல் தாங்காது, பாவம்," என்றார்.

மாவுக் குண்டானை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்று கேட்டேன். வயிறு எரிந்தது. போயும் போயும் மீனைப் பார்த்து வயிறெரிகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. எரிச்சல் மட்டும் குறையவில்லை.

அப்படிப் பார்த்துப் பார்த்துக் காத்தும் நாலாம் தொட்டியில் ஒரு மீனுக்கு விலாவில் மிளகளவு புண் வந்துவிட்டது. கலங்கிய தண்ணீருக்குள் அதை எப்படித்தான் கண்டாரோ. உடனே அதற்குத் தனித் தொட்டி, மேலே நிழலுக்குத் துணி. பிள்ளைகளைக் கொல்லைப் பக்கமே விடவில்லை. மதியம் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அன்றைக்குத்தான் என் இடது விலாவிலும் கொப்புளம் கிளம்பியது. அக்கி. சின்ன வயதில் அம்மை போட்டபோது உடம்பில் தங்கிய கிருமி, உடம்பு ஓய்ந்த நேரம் பார்த்து எழுந்துகொள்ளும் என்று டாக்டர் சொல்லி மாத்திரை கொடுத்தார். நெருப்புப் பட்ட மாதிரி எரிந்தது. என் கணவரிடம் நான் சொல்லவில்லை. மீன் வாய் திறந்து சொல்லியா கண்டுபிடித்தார், இதையும் அவரே பார்க்கட்டும் என்று வீம்பு. அவர் எதிரிலேயே விலாவைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பார்க்கவில்லை.

மாத்திரையோடு, எங்கள் ஊர் வழக்கப்படி, சாக்கோட்டையில் பானை செய்கிறவர் வீட்டில் அக்கியும் எழுதிக்கொண்டேன். செங்காவியைக் குழைத்து, கொப்புளத்தின் மேல் சிங்கம் வரைந்துவிடுவார்கள். விலாவிலிருந்து முதுகுவரை சிங்கத்தோடு வீட்டுக்கு வந்து, கொல்லையில் இரும்பு வாளியை எடுக்கக் குனிந்தேன்.

"அங்குட்டுத் தள்ளி நில்லு," என்றார் அவர். "காவி தொட்டியில உதிரப் போகுது. மீனுக்கு ஆகாது."

கையிலிருந்த வாளியைச் சிமெண்டுத் தரையில் போட்டேன். தொட்டிக்குத் தொட்டி மீன்கள் சிதறி ஓடின. அவர் பதறித் திரும்பினார்.

"மீனுக்கு ஆகாது, சரி. எனக்கு?"

அப்போதுதான் அந்தக் காவியில் இருந்த சிங்கத்தைப் பார்த்தார். "அக்கியா? எப்பருந்து?"

"உங்க மீனுக்குப் புண்ணு வந்த அன்னைக்கே. அதைப் பாத்தீக. இதைப் பாக்கலை."

உள்ளேயிருந்து நாத்தனார், "மதினி, காபி," என்று கூப்பிட்டார். என் கணவர் உள்ளே போனார். தங்கையிடம் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. மீனைப் பற்றிப் பேசுகிற அதே குழைந்த குரல் மட்டும் கேட்டது.

பிறகு என்னைப் படுக்கச் சொன்னார். ஜன்னலுக்குத் துணி கட்டினார். "இங்குட்டு யாரும் வரக் கூடாது," என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, கதவை ஓசைப்படாமல் சாத்தினார். முன்னறையில் அவரே மிக்ஸி போட்டுத் திணறுவது கேட்டது.

கண்ணை மூடிக்கொண்டேன். காது மட்டும் கொல்லைப் பக்கமே இருந்தது, என்னை விட்டுவிட்டு அங்கே போகிறாரா என்று.