கவிழ்த்து மாட்டிய ஸ்டீயரிங் பெட்டி

எங்கள் வீட்டுக்கும் பட்டறைக்கும் ஒரே வாசல்தான். திண்டுக்கல்லில் வத்தலக்குண்டு சாலையைப் பார்த்த இரும்புக் கதவைத் திறந்தால் முதலில் பட்டறை, அதன் பின்னால் வீடு. வீட்டிலிருந்து வெளியே போய் ஒரு கட்டுக் கீரை வாங்க வேண்டுமென்றாலும் பட்டறை நடுவில் கிடக்கும் மாமனாரின் நாற்காலியைத் தாண்டித்தான் போக வேண்டும். அவரும் சும்மா விடமாட்டார். "எங்க மாப்ளே?" என்பார். கீரைக்கு என்று சொல்ல வேண்டும். திரும்பி வந்தால், "என்ன கீரை?" என்பார். அதற்கும் பதில் சொல்ல வேண்டும். கல்யாணமாகி ஏழு வருஷம் நான் இப்படிக் கீரைக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் ஒட்டன்சத்திரம் பக்கத்து ஆள். எனக்கு வண்டி வேலை தெரியும், சொத்து கிடையாது. மாமனாருக்குப் பட்டறை உண்டு, ஒரே மகள், மகன் கிடையாது. வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தேன். டீக்கடையில், "மாமியார் சோறு நல்லா ஒட்டுது போல" என்று எவனாவது சொல்வான். நானும் சிரித்து வைப்பேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும். மாமனார் கெட்டவர் இல்லை, அதுதான் தொல்லை. நாலு பேர் முன்னால் "வாங்க மாப்ளே" என்பார், தனியாக இருக்கும்போது "வா" என்பார், ஒருநாளும் கை நீட்டியதில்லை, ஏசியதுமில்லை. கெட்டவராக இருந்திருந்தால் இரண்டாம் மாதமே பெட்டியைத் தூக்கியிருப்பேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. என்னோடு வேலை பழகியவன் ஒருவன் அங்கே சொந்தப் பட்டறை போட்டிருந்தான். கூட்டுக்கு வா, சித்திரை முடிவதற்குள் வந்துவிடு, இல்லாவிட்டால் வேறு ஆள் பார்த்துவிடுவேன் என்று எழுதியிருந்தான். என் மனைவி அந்தக் கடிதத்தை என்னைவிட அதிகத் தடவை படித்தாள். ஏழு வருஷமாக அவள் தன் அம்மாவின் அடுப்படியில்தான் சமைத்தாள். குழம்புக்குப் புளி எவ்வளவு என்று அவள் முடிவு செய்ததே இல்லை. "எனக்குன்னு ஒரு அடுப்படி இருந்தாப் போதுங்க. ஒத்த ரூமா இருந்தாலும் பரவாயில்ல" என்றாள். பாத்திரக் கடைக்குப் போய் நாலு பாத்திரம் வாங்கி, சாக்கில் கட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

மாமனாரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "பாய் வண்டிய முடிச்சுக் குடுத்துட்டுப் போ மாப்ளே. நான் தடுக்கல" என்றார். அடுத்த நாள் பாய் முன்னாலும் அதையே சொன்னார். வாக்கு கொடுத்தால் மாற மாட்டார். ஆக, அந்த வண்டி முடிந்தால் நாங்கள் போகலாம்.

பாய் எங்கள் பழைய வாடிக்கையாளர், தோல் வியாபாரி. வெளிநாட்டுக்குப் போய் வந்தவர் அங்கிருந்து ஒரு பத்திரிகையைச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார். அதில் ஒரு பழங்காலத்துக் கார், கூரை இல்லாமல், முன்மூடி இல்லாமல், பெரிய இன்ஜினை வெளியே காட்டிக்கொண்டு நின்றது. அதை அந்த ஊரில் ஹாட் ராட் என்பார்களாம். எங்கள் பட்டறையில் மொட்டைக் கார் என்றோம். ஒரு மில் கொட்டகையில் சுதந்திரத்துக்கு முந்தைய கார் ஒன்று கோழி அடைய விட்டிருந்ததை வாங்கி, இழுத்துக்கொண்டு வந்தார். ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் ஒன்றையும் அவரே எங்கிருந்தோ பிடித்துவந்தார். கூரையை வெட்டினோம், இன்ஜினை உட்கார வைத்தோம். எல்லாம் ஆனது. ஸ்டீயரிங் பெட்டி மட்டும் இல்லை. காரில் இருந்ததை எவனோ எப்போதோ கழற்றி விற்றிருந்தான்.

ஸ்டீயரிங் பெட்டி என்பது ஒரு தேங்காய் அளவு இரும்பு. ஸ்டீயரிங் தண்டு அதற்குள் போய் முடியும். பக்கத்தில் ஒரு கை தொங்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் அந்தக் கை முன்னும் பின்னும் ஆடி, ஒரு நீளக் கம்பியைத் தள்ளி முன்சக்கரத்தைத் திருப்பும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் நம் ஊரில் ஓட்டுகிறவர் வலப்பக்கம் உட்கார வேண்டும், பெட்டியும் வலப்பக்கம் இருக்க வேண்டும். பாய் கொண்டுவந்த இன்ஜினுக்குப் புகைக்குழாயும் வலப்பக்கம்தான். குழாய்க்கும் வண்டியின் அடிச்சட்டத்துக்கும் நடுவில் கை நுழையும் அளவுக்குத்தான் இடம். அந்த இடத்தில் எது நுழையும் என்று தேடுவதே எனக்கு நாலு மாத வேலையாகிவிட்டது.

அட்டையில் அளவு வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மதுரை, திருச்சி, செம்பட்டி என்று காயலான் கடை காயலான் கடையாக அலைந்தேன். ஜீப் பெட்டி நல்ல உழைப்பாளி, பக்கமும் சரி, ஆனால் அதன் வயிறு புகைக்குழாயில் இடித்தது. வேனின் பெட்டியை மாட்டினால் தண்டு செங்குத்தாக நின்றது. ஓட்டுகிறவர் ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்துத்தான் உட்கார முடியும். சின்னக் கார்களில் பெட்டிக்குப் பதிலாக வரும் நீளமான பல்சட்டம் பார்க்க அழகு. எங்கள் வண்டிக்கோ முன்பக்கம் ஒரே உத்திரம் போன்ற அச்சு. பள்ளத்தில் இறங்கினால் அச்சு ஏறி இறங்க, ஸ்டீயரிங் தானாகவே திரும்பும். ஒவ்வொரு தடவை வெறுங்கையோடு வரும்போதும் வாசலில் மனைவி நின்றாள். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு உள்ளே போய்விடுவாள்.

எனக்கு ஒரு வழி தெரிந்தது. ஜீப் பெட்டியையே வைத்துக்கொண்டு இன்ஜினை இரண்டு அங்குலம் இடப்பக்கம் நகர்த்துவது. இரண்டு மாத வேலை. மாமனாரிடம் சொன்னேன்.

"மணையில உக்காந்த பொண்ண எந்திரிக்கச் சொல்லுவியா?" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. பட்டறையில் மாமனார் ஒன்று சொன்ன பிறகு மாப்பிள்ளை மறுபேச்சு பேசுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. நானும் பழகிவிட்டேன்.

பங்குனி மாதம் அவரே மதுரைக்குப் போய் ஒரு பெட்டியோடு வந்தார். பட்டாளத்து வண்டி ஒன்றிலிருந்து கழன்றது. சின்னது, கெட்டியானது, பல் தேயாதது. ஒரே குறை, அது இடப்பக்கம் ஓட்டும் வண்டியின் பெட்டி. கை இடப்பக்கம் தொங்கியது. மாமனார் அதை என் கண் முன்னால் அப்படியே கவிழ்த்தார். கை வலப்பக்கம் வந்துவிட்டது. புகைக்குழாய் ஓரத்துச் சந்துக்குள் வைத்துப் பார்த்தார். அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது.

"எம்புட்டு அலைஞ்ச மாப்ளே! பாரு, கவுத்துனா முடிஞ்சு போச்சு."

கவிழ்த்ததால் எண்ணெய் ஊற்றும் வாய் கீழே வந்தது. எண்ணெய் ஒழுகுமே என்றுதான் எல்லோரும் கவலைப்பட்டோம். பழைய வாயை அடைத்தோம், மேலே புதிதாகத் துளை போட்டு மரை வெட்டினோம், மூன்று நாள் தொங்கவிட்டு ஒரு சொட்டு விழுகிறதா என்று பார்த்தோம். விழவில்லை. மாமனார் டீ வாங்கிக் கொடுத்தார். எண்ணெயை யோசித்த எங்களுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை பூஜைக்கு நேரம் குறித்தார். அவரிடம் இரண்டு விதிகள் உண்டு. பூஜை போடாமல் புது வண்டியின் சக்கரம் உருளக் கூடாது. உருண்டால் முதல் திருப்பம் வலப்பக்கம் இருக்க வேண்டும். பட்டறை வாசலில் வலப்பக்கம் திரும்பினால் ஐம்பதடியில் பிள்ளையார் கோவில், எனவே எல்லா வண்டியும் அங்கே போய்த்தான் திரும்பும். அந்த முதல் ஓட்டம் எப்போதும் என்னுடையது. அவர் பின்னால் நடந்து வருவார்.

பெட்டியையும் சக்கரத்தையும் இணைக்கும் அந்த நீளக் கம்பி லேத்துப் பட்டறையிலிருந்து அன்று காலைதான் வந்தது. மாமனார் குளித்துக்கொண்டிருந்தார். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, அடியில் படுத்துக் கம்பியை மாட்டி முடுக்கினேன். எழுந்து வந்து ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்பினேன்.

சக்கரம் இடப்பக்கம் போனது.

இடப்பக்கம் திருப்பினேன். சக்கரம் வலப்பக்கம் போனது. கவிழ்த்தால் கை மட்டும் மாறாது, அது ஆடும் திசையும் மாறும். தெரிந்த பிறகு சின்னப் பிள்ளைக்குக்கூட விளங்கும் விஷயம். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் கால் மணி நேரத்தில் நினைத்ததை எல்லாம் இங்கே சொல்லிவிடுகிறேன். சொன்னால் இன்ஜினைத் தூக்க வேண்டும், ஜீப் பெட்டி மாட்ட வேண்டும், ஆடி வந்துவிடும். கோயம்புத்தூர் கைவிட்டுப் போய்விடும். சொல்லாவிட்டால் ஐம்பதடி தூரம் நானே மாற்றித் திருப்பி ஓட்டிக்கொண்டு போய் வந்துவிடலாம். வண்டி ஓடிவிட்டது என்று பாய் வாயால் சொல்லிவிட்டால் வாக்கு வாக்குதான். பிறகு, ஸ்டீயரிங்கில் சின்ன வேலை பாக்கி என்று சாவியை எடுத்து வைத்துவிட்டு, கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்து உண்மையைக் கடிதத்தில் எழுதிக்கொள்ளலாம். பெட்டி அவர் தேர்ந்தெடுத்தது, அவமானமும் அவரோடு போகட்டும். அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. இப்போது பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஜாக்கியை இறக்கினேன்.

பாய் குடும்பத்தோடு வந்தார், கையில் அந்தப் பத்திரிகை. மாமனார் புது வேட்டியும் திருநீறுமாக வந்தார். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார், சூடம் காட்டினார். நான் ஓட்டுகிற இடத்தில் ஏறப் போனேன். அவர் என் தோளில் கை வைத்தார்.

"இன்னைக்கு நான் ஓட்டுறேன் மாப்ளே. நீங்கதான் ஊருக்குப் போறவராச்சே."

ஏறி உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"மாமா…"

"என்ன மாப்ளே?"

பாய் பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி நடை வாசலில் நின்றாள், கையில் ஆரத்தித் தட்டு, முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. ஏழு வருஷத்தில் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை.

"மெதுவாப் போங்க மாமா" என்றேன்.

எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. வண்டி வாசலைத் தாண்டியது. பிள்ளையாரைப் பார்த்து வலப்பக்கம் திருப்பினார், வண்டி இடப்பக்கம் போனது. பதறி இன்னும் வலப்பக்கம் ஒடித்தார், அது இன்னும் இடப்பக்கம் வளைந்தது. பிரேக்கில் வைக்க வேண்டிய காலை வேறு எதிலோ வைத்துவிட்டார். சாக்கடைப் பாலத்தின் கட்டைச் சுவரை உடைத்துக்கொண்டு வண்டி கவிழ்ந்தது. கதவுமில்லை, கூரையுமில்லை. அவர் கல்லில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் மூன்று மாதம். முதல் நாள் மயக்கம் தெளிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பட்டறைய நீ பாத்துக்குவீல்ல மாப்ளே?" என்றார். பாத்துக்கறேனுங்க மாமா என்றேன். வேறென்ன சொல்வது? சித்திரை முடிந்தது, கோயம்புத்தூர்க்காரன் வேறு ஆள் சேர்த்துக்கொண்டான். ஒரு நாள் கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், சாக்கு இல்லை. பாத்திரங்கள் மாமியாரின் அலமாரியில், மாமியாரின் பாத்திரங்களோடு இருந்தன. அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மொட்டைக் காரை மேலே தூக்கி, இன்ஜினை இரண்டு அங்குலம் நகர்த்தி, ஜீப் பெட்டி மாட்டினேன். சரியாக இரண்டு மாதம் ஆனது. வலப்பக்கம் திருப்பினால் வலப்பக்கம் போனது. பாய் சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு போனார். கவிழ்ந்ததற்கு அவர் எங்களை ஒரு சொல் சொல்லவில்லை. கவிழ்த்து மாட்டிய தப்பு என்று ஊருக்கே தெரிந்தது. யாருக்கு எப்போது தெரிந்தது என்று மட்டும் எவரும் கேட்கவில்லை.

அப்புறம் எட்டொன்பது வருஷம் ஓடிவிட்டது. கையில் செல்போன் வந்தது. மாமனார் ஊன்றுகோலோடு வந்து அதே நாற்காலியில் உட்காருவார், வேலை செய்ய மாட்டார். ஒரு நாள் மத்தியானம் பட்டறையில் நாங்கள் இரண்டு பேர்தான். பழைய சாமான்களை ஒதுக்கும்போது அந்தப் பட்டாளத்துப் பெட்டி கையில் அகப்பட்டது. எடைக்குப் போடலாமா என்று அவரிடம் காட்டினேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, கையை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார்.

"அன்னைக்குக் கம்பி மாட்டுனது நீதானே மாப்ளே?"

"ஆமாங்க மாமா."

"ஜாக்கில நிக்கும்போது ஒருதரம் திருப்பிப் பாக்காம எந்த மெக்கானிக்காச்சும் வண்டிய எறக்குவானா?"

அவர் குரலில் கோபமில்லை. எண்ணெய் விடுவதற்கு நான் வெட்டிய மரையை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"எப்பங்க மாமா தெரிஞ்சுது?"

"ஆசுபத்திரில கண்ணு முழிச்சப்பவே."

"அன்னைக்கே கேட்டிருக்கலாமுங்களே."

"கேட்டிருந்தா நீ போயிருப்ப" என்றார். பெட்டியை என்னிடம் நீட்டினார். "செத்த டீ போடச் சொல்லு."

உள்ளே போனேன். மாமியார் தூங்கிக்கொண்டிருந்தார். என் மனைவி அடுப்படியில் நின்றாள், அவள் அம்மாவின் அடுப்படியில்.

"அப்பா என்னங்க ரொம்ப நேரமா பேசிக்கிட்டு இருந்தாரு?"

"டீ கேட்டாரு" என்றேன்.

அவள் அலமாரியைத் திறந்து, அன்று தனக்கென்று வாங்கிய நாலு பாத்திரங்களில் ஒன்றை எடுத்துப் பாலை ஊற்றி அடுப்பில் வைத்தாள். சர்க்கரை எவ்வளவு போட என்று தூங்குகிற அம்மாவை எழுப்பிக் கேட்டாள்.