ஊசிக்கும் படத்துக்கும் இடையில் நாலு மணித்தியாலம்

நெடுந்தீவுக்காரனுக்கு மணிக்கூடு தேவையில்லை, படகு போதும் என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தவன் நான். பின்னேரம் நாலு மணிக்குக் குறிகட்டுவான் இறங்குதுறையில் இருந்து தீவுக்குக் கடைசிப் படகு. அதைத் தவறவிட்டால் அன்றைக்கு வீடு இல்லை. கலியாண வீட்டில் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழும்புவோம், செத்த வீட்டில் அழுகையைப் பாதியில் விட்டு எழும்புவோம். எழுதுவினைஞராக வேலை பார்த்த காலத்தில் யாழ்ப்பாணத்துக் கூட்டங்களில் மேலதிகாரி பேசிக்கொண்டிருக்கும்போதே பையைத் தூக்கியிருக்கிறேன். என் மனைவியின் காதுக்கு நடந்ததைச் சொல்வதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும்.

அவளுக்குத் தலைச்சுற்றுத் தொடங்கி இரண்டு வருடம் வரை அதைப் படகின் ஆட்டம் என்றே நினைத்தோம். கடல் குழம்பிய நாளில் வந்து இறங்கினால் எவருக்கும் நிலம் கொஞ்ச நேரம் ஆடும். ஊரில் அதை ஒரு வருத்தமாக யாரும் எடுப்பதில்லை. ஆனால் பத்து நாள் படகில் கால் வைக்காமல் இருந்தபோதும் அவளுக்கு ஆடியது. குசினியில் இருந்து கிணற்றடிக்குக் கல்வேலியைப் பிடித்துப் பிடித்துப் போனாள். "என்ன, வேலியை அளக்கிறீரோ?" என்று பகிடி விட்டேன். அடுத்த நிமிடம் வேலியோடு சரிந்து இருந்து, குடித்த தேத்தண்ணீர் வரை சத்தி எடுத்தாள். மூன்று மணித்தியாலம் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் முற்றம் சுற்றுகிறதாம்.

இடது காது அடைக்கிறது, உள்ளே படகு எஞ்சின் ஓடுகிறது போல இரைகிறது என்று அவள் அதற்கு முன்பே சொல்லியிருந்தாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கூப்பிட்டால் திரும்பமாட்டாள். எனக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும். வேண்டுமென்றே கேளாத மாதிரி இருக்கிறாள் என்று கத்துவேன். கத்தினால் அவளுக்குக் கேட்டது. அதனால் என் சந்தேகம் உறுதியானது.

யாழ்ப்பாணத்தில் காது வைத்தியர் ஓர் இளம் பெண். கடதாசியில் நத்தை ஓடு ஒன்றைக் கீறிக் காட்டினார். "உள்காதுக்குள்ள ஒரு சின்னச் சவ்வுப் பை இருக்கு ஐயா. அதுக்குள்ள தண்ணி கூடினால் வீங்கும். வீங்கினால் தலை சுத்தும், காது இரையும், கேக்கிறதும் குறையும்."

இடது காதில் கேட்கும் சக்தி பெரும்பாலும் போய்விட்டது. சுற்றை நிறுத்துவதற்குச் செவிப்பறைக்கூடாக ஒரு மருந்து ஏற்றலாம். அது அந்தக் காதின் சமநிலையை அழித்துவிடும், மிஞ்சியிருக்கும் கேட்கும் சக்தியையும் கொண்டு போகலாம். வலது காது நல்லதாக இருந்தால்தான் அதைச் செய்யலாம். வலதும் வீங்கத் தொடங்கியிருந்தால் கை வைக்கக்கூடாது. அதைப் பார்ப்பதற்குத்தான் எம்.ஆர்.ஐ. ஸ்கான். "இனி வலக்காதுதான் எல்லாம்," என்றார் வைத்தியர். அவள் தன் வலது காதை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள்.

ஸ்கானுக்கு முதற்படகில் போனோம். காப்பு, தோடு, மூக்குத்தி, தாலிக்கொடி எல்லாவற்றையும் கழற்றி என் சட்டைப்பை லேஞ்சியில் முடிந்து தந்துவிட்டு உள்ளே போனாள். மெஷின் தட்டுகிற சத்தம் கதவுக்கு வெளியிலும் கேட்டது. வெளியில் வந்தபோது ஊசி போட்ட இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. பின்னால் வந்த தாதி, "நாலு மணித்தியாலம் இருக்கவேணும், எங்கையும் போயிடாதேங்கோ," என்றாள். அப்போது மணி பதினொன்று.

நாலு மணித்தியாலம் என்றால் மூன்று மணி. மூன்று மணிக்குப் பஸ் ஏறினால் படகு இல்லை. இவ்வளவும்தான் என் தலைக்குள் ஓடியது. தடுப்பூசி போட்டால் ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கக் கதிரையில் இருத்தி வைத்துத்தான் அனுப்புவார்கள். இதுவும் அதுதான் என்று முடிவு கட்டினேன். படம் எடுத்தாயிற்று, ஊசியும் போட்டாயிற்று. இரண்டு மணி வரை பார்த்தேன். நாக்கை நீட்டச் சொன்னேன், நீட்டினாள். கையில் தடிப்பு ஒன்றும் இல்லை.

"வெளிக்கிடும்," என்றேன்.

"திரும்ப ஒருக்காப் படம் எடுக்கவேணும் எண்டெல்லே உள்ளுக்குச் சொன்னவை," என்றாள் அவள். "மருந்து காதுக்குப் போய்ச் சேர நேரம் எடுக்குமாம்."

நான் பையைத் தூக்கியபடி அவளுடைய இடது பக்கம் நின்றேன். மெல்லத்தான், பல்லுக்குள் சொன்னேன். "உமக்குக் காது கேக்குமெண்டால் நாங்கள் ஏன் இஞ்ச வந்தனாங்கள்?"

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கேட்கவில்லை, நல்லது என்று நினைத்தேன். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு என் பின்னால் வந்தாள்.

பஸ் அல்லைப்பிட்டியைத் தாண்டும்போதுதான் லேஞ்சியை அவிழ்த்து நகைகளைப் போட்டாள். குலுக்கலில் இடது தோட்டின் பின்பக்கச் சுரை கீழே விழ, சீற்றுக்கு அடியில் குனிந்து நான்தான் தேடி எடுத்துக் கொடுத்தேன். படகைப் பிடித்தோம். பத்து நிமிடம் மிச்சமும் இருந்தது. எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது, அதை மறைத்து என்ன.

வீட்டுக்கு வந்து மாடுகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. அந்தத் தாதிதான். "ஐயா, எங்க போட்டியள்? உங்களை மூண்டு மணிக்கு எவ்வளவு தேடினனாங்கள்." ஊசியில் ஏற்றிய மருந்து உள்காதுக்குள் ஊறுவதற்கு நாலு மணித்தியாலம் வேண்டுமாம். ஊறிய பிறகு எடுக்கும் படத்தில்தான் வீக்கம் தெரியுமாம். காலையில் எடுத்தது பாதிதானாம். அடுத்த திகதி நாலு மாதம் கழித்துத்தான் கிடைக்கும். நான் "ஓம், ஓம்," என்று மட்டும் சொன்னேன்.

வைத்துவிட்டு, தொட்டி நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏதாவது உணரவேண்டிய நேரம் என்று தெரிந்தது. ஒன்றும் வரவில்லை. நெடுநேரம் மடக்கி இருந்த கால் போல மனம் மரத்துக் கிடந்தது. உள்ளே போய், "திரும்ப வரட்டாம்," என்றேன். "ஓம்," என்றாள். "நான் அப்பவே சொன்னனான்" என்று ஒரு வார்த்தை இல்லை. அவள் சண்டை பிடித்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அந்த நாலு மாதத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பால் கறந்தேன். மழைக்குச் சரிந்த வேலிக் கல்லை எடுத்து அடுக்கினேன். அவளுக்குச் சுற்று வந்தால் தலைமாட்டில் சட்டியை வைத்துவிட்டு வாசலில் இருந்தேன். மூன்றாவது மாதம் அவள் தொலைபேசியை வலது காதில் வைப்பதை விட்டு, சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்துக் கதைக்கத் தொடங்கினாள். நான் பேசும்போது என் கண்ணைப் பார்ப்பதை விட்டு வாயைப் பார்த்தாள். எல்லாவற்றையும் கவனித்தேன். என்னவென்று விசாரிக்காமல் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனேன்.

இரண்டாம் தரம், முதல் நாளே போய்ச் சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். ஊசி போட்ட பிறகு, போன முறை இருந்த அதே நீள வாங்கில் நாலு மணித்தியாலம் இருந்தோம். இந்த முறை நான் அவளுடைய வலது பக்கம் இருந்தேன். ஒரு மணித்தியாலம் போயிருக்கும், "ஏதாவது கதையுங்கோவன். கேக்கிற மட்டும் கேப்பம்," என்றாள்.

நாற்பது வருடம் ஒன்றாகக் குடித்தனம் நடத்தியவர்கள் நாங்கள். யோசித்து யோசித்துப் பார்த்தேன். மணி இரண்டைத் தொட்டபோது, "நாலு மணிப் படகுக்கு இப்ப வெளிக்கிட்டாத்தான் சரி," என்றேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்திருக்கலாம்.

அடுத்த கிழமை வைத்தியர் படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். அவர் கடதாசியில் கீறிய அதே நத்தை, இரண்டு பக்கமும் இரண்டு. வெள்ளையாகத் தெரிவது ஊறிய மருந்து, நடுவில் கறுப்பாகத் தெரிவது வீங்கிய பை என்றார். இடதில் வெள்ளையே இல்லை என்கிற அளவுக்குக் கறுப்பு. வலதிலும் கறுப்பு இருந்தது. வைத்தியர் சொல்வதற்கு முன்பே எனக்கு விளங்கிவிட்டது.

"அண்டைக்கு நாங்கள் போகாமல் இருந்திருந்தால்?" என்று கேட்டேன்.

"வீக்கத்தை நிப்பாட்டியிருக்கலாம் எண்டு சொல்லேலாது ஐயா. ஆனால் நாலு மாசம் முந்தித் தெரிஞ்சிருக்கும். அம்மா போடுற குளிசையை அப்பவே கூட்டியிருப்பம்."

செவிப்பறைக்கூடாக மருந்து ஏற்றும் கதை அத்தோடு முடிந்தது. உப்பைக் குறைக்கச் சொன்னார். எங்கள் கிணற்றுத் தண்ணீரே உவர் என்று சொல்ல வாயெடுத்துவிட்டு விட்டுவிட்டேன். "எனக்கு முழுக்கக் கேக்காமல் போயிடுமோ?" என்று அவள் கேட்டாள். வைத்தியர் மெதுவாகவும் உரக்கவும், வாய் தெரியும்படி, "தெரியாதம்மா, போகவும் கூடும்," என்றார்.

குறிகட்டுவானுக்கு வந்தபோது படகுக்கு அரை மணித்தியாலம் இருந்தது. இறங்குதுறையில் நிழலாகப் பார்த்து இருந்தோம். பஸ்ஸில் வரும்போதே மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்ததை, அவளுடைய வலது காதுக்குக் கிட்டக் குனிந்து சொன்னேன்.

"அண்டைக்கு நீர் சொன்னதுதான் சரி. நான்தான் கேக்கேல்லை."

கேட்டதா என்று முகத்தைப் பார்த்தேன். அவள் கடலைப் பார்த்தபடி இடது தோட்டின் சுரையைத் திருகி இறுக்கினாள்.

"அண்டைக்கு எனக்கு வலக்காதில எல்லாம் கேட்டது," என்றாள். பிறகு அந்த இடது காதை விரலால் தட்டிக் காட்டினாள். "நீங்கள் இந்தப் பக்கம் நிண்டு மெல்லமாச் சொன்னதும் வடிவாக் கேட்டது."

படகு வந்து அணைந்தது. சனம் பைகளோடு எழும்பியது. எப்போதும் முதல் ஆளாக ஏறுகிற நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். அவள் என் தோளைத் தொட்டு, "வாங்கோ, படகு வெளிக்கிடப் போகுது," என்றாள். அது அவள் இரண்டாம் தரம் கூப்பிட்டது என்று பக்கத்தில் நின்ற ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.