தாளில் மாறிப்போன வலி

எனக்கு அறுபது தாண்டிவிட்டது. என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எழுபதை நெருங்குகிறார். இந்த வயதிலும் எங்களுக்குள் உறவு இருந்தது என்று எழுத கை கூசுகிறது. ஆனால் இருந்தது. பிறகு எனக்கு வலி வந்தது. மிளகாய் அரைத்த கை பட்டாற்போல உள்ளே எரியும். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். ஒரு நாள் முடியாமல், "எனக்கு ரொம்ப வலிக்கு" என்று சொல்லிவிட்டேன்.

"இத்தனை வருசமா வலிக்காதது இப்பந்தான் வலிக்காக்கும்? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு. சாக்குச் சொல்லாத."

மறுநாள் அவருடைய கட்டில் முன்னறைக்குப் போய்விட்டது. அவர் கெட்ட மனிதர் இல்லை. கோபம் என்றால் இரண்டு நாளில் ஆறியிருக்கும். எனக்கு அவரைப் பிடிக்காமல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார். அதுதான் என்னை அரித்தது. "சோறு எடுத்து வை", "கதவைச் சாத்து", இவ்வளவுதான் பேச்சு.

இன்னொரு முறை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு நா எழும்பாது. ஆனால் எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திய தாள் என்றால் அவர் நம்புவார். பட்டாளத்துப் பழக்கம் அப்படி. டாக்டரிடம் எழுதி வாங்கி அவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

எங்கள் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூரில் காட்டினால் தெரிந்தவர்கள் கண்ணில் படுவோம். "ராஜபாளையத்துல ஒரு பொம்பள டாக்டர் இருக்காவளாம்" என்று மட்டும் சொன்னேன். என்ன ஏது என்று கேட்காமல், பட்டாளத்தில் கொடுத்த வைத்திய அட்டையை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். அட்டை அவர் பேரில் இருக்கிறது. என் வைத்தியச் செலவும் அதில்தான்.

ஆஸ்பத்திரியில் அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளே டாக்டரம்மா என்ன செய்கிறது என்று கேட்டார்.

"இடுப்பு வலிம்மா."

"எப்ப வருது?"

நான் திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மாவே குரலைத் தணித்து, "வீட்டுக்காரரோட சேரும்போதா?" என்றார். தலையை ஆட்டினேன்.

"இங்க வர்ற எல்லாரும் இடுப்புன்னுதாம்மா ஆரம்பிக்கிறாங்க."

பரிசோதித்துப் பார்த்தார். தீட்டு நின்றுபோன பெண்களுக்கு உள்தோல் வறண்டு மெலிந்துபோகும், அதனால் வரும் வலி, களிம்பு போட்டால் மெல்லக் கேட்கும் என்றார். எழுதினார்.

"நோய்னு எழுதிட்டீகளாம்மா?"

"எழுதிட்டேன்."

அந்தச் சீட்டைக் கவுண்டரில் கொடுத்தேன். கண்ணாடிக்குப் பின்னால் கம்ப்யூட்டரில் ஒரு பெண். டாக்டர் எழுதுகிற நோய்க்கு நம்பர் பார்த்து ஏற்றுவது அவள் வேலை. நம்பர் ஏறினால்தான் பட்டாளத்து ஆபீசிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பணம் வருமாம். என்னைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள், தட்டினாள். தாள் வந்தது.

"இதுல என்னம்மா போட்டிருக்கு?"

"நீர்க்கடுப்பு, ஆச்சி. டாக்டர் அவசரத்துல கல்யாணமான சின்னப் பிள்ளைகளுக்கு எழுதுத நோய எழுதிட்டாவ. ஒங்க வயசுக்கு அது எப்படி வரும்? நல்லவேளை, நான் பாத்தேன். மாத்திட்டேன்."

என் மானத்தைக் காப்பாற்றிவிட்ட சந்தோஷம் அவள் முகத்தில். எனக்கும் அந்த நேரத்துக்கு அப்பாடா என்றுதான் இருந்தது. யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. பெஞ்சுக்கு வந்து தாளை அவரிடம் நீட்டினேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியும். கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் படித்தார்.

"நீர்க்கடுப்பா? தண்ணி குடிக்காம கெடந்தா வரத்தான் செய்யும்."

மடித்தார். அவர் முகம் ஏதோ தீர்ந்துபோனதுபோல இருந்தது. நீர்க்கடுப்புக்கும் கட்டிலுக்கும் சம்பந்தம் இல்லை என்று அவர் தீர்மானித்துவிட்டது எனக்குத் தெரிந்தது. நான் பேசுவதற்குப் பதிலாகப் பேச வேண்டிய தாள், சாக்கு என்று அவர் சொன்னதையே சரி என்று சொல்லிவிட்டது.

"குடுங்க இங்க" என்று பிடுங்கிக்கொண்டு கவுண்டருக்குப் போனேன். பின்னால் ஆட்கள் சேர்ந்திருந்தார்கள்.

"ஏம்மா, டாக்டரம்மா எழுதுனதையே போடு."

"என்ன ஆச்சி? சத்தமா சொல்லுங்க. கண்ணாடி இருக்குல்லா."

குனிந்து ஓட்டையில் வாயை வைத்தேன்.

"அவுகளும் நானும் சேரும்போதுதான் வலிக்கு. டாக்டரம்மா சரியாத்தான் எழுதியிருக்காவ. நீ மாத்தாத."

பின்னால் ஒருத்தி, "பேரன் பேத்தி எடுத்த காலத்துல இது கேக்கு பாரு" என்றாள். இன்னொருத்தி களுக்கென்று சிரித்தாள். எனக்குக் காது சுட்டது. நகரவில்லை. அந்தப் பெண் டாக்டருக்குப் போன் செய்தாள். "சரி மேடம், சரி மேடம்" என்றாள். முகம் சிவந்துபோய், "நெசமாவே தெரியாமப் போச்சு ஆச்சி" என்று வேறு தாள் எடுத்துக் கொடுத்தாள்.

திரும்பினால் அவர் எனக்குப் பின்னால் நிற்கிறார். எவ்வளவு கேட்டார் என்று தெரியாது. தாளை வாங்கிப் படித்தார். படித்த இடத்தையே மறுபடி படித்தார்.

"மேல என் பேரும்லா போட்டிருக்கு" என்றார். "இது ஆபீசுக்குப் போகுமே, ஏட்டி. அங்க என்கூட இருந்தவன்தான உக்காந்திருக்கான்."

"போகட்டும்."

நான் அவரிடம் இப்படிப் பேசியதில்லை.

பஸ்ஸில் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். ஊர் நெருங்கும்போது, "நெசமாவே வலிதானா?" என்று கேட்டார்.

"வலிதான்."

"செத்த முன்னாலயே சொல்லியிருக்கலாம்லா?"

சொன்னேனே என்று வாய் வரை வந்தது. அவருக்கே ஞாபகம் வந்திருக்க வேண்டும், தலையைக் குனிந்துகொண்டார்.

இறங்கியதும் மருந்துக்கடைக்குப் போனார். கடையில் கூட்டம். மருந்துச் சீட்டை நீட்டாமல், எல்லாரும் போகிற வரை ஒதுங்கி நின்று வாங்கி வந்தார். பொட்டலத்தை என் கையில் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

களிம்பு போட்டு வருகிறேன். எரிச்சல் கொஞ்சம் மட்டுப்பட்டிருக்கிறது. இப்போது சாப்பிடும்போது பேசுகிறார், சிரிக்கக்கூடச் செய்கிறார். கட்டில் மட்டும் முன்னறையிலேயே கிடக்கிறது. எனக்கு வலித்துவிடுமோ என்று அவருக்குப் பயம். வா என்று கூப்பிட எனக்கு வெட்கம். கண்ணாடி ஓட்டையில் யாரோ ஒரு பெண்ணிடம் சொல்ல முடிந்தது. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறவரிடம் இன்னும் சொல்ல முடியவில்லை.