தூக்க வேண்டிய பக்கெட் இறங்கியது

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் மண் அள்ளும் லோடர் ஓட்டுகிறேன். சென்ற மழைக்காலத்தில் மண் சரிந்து, கொழுந்து லோரி போகும் பாதை அடைபட்டது. அந்த நேரம் பார்த்து, லோடரின் முன்பக்க பக்கெட்டை எண்ணெய் அழுத்தத்தால் தூக்கும் சிலிண்டர்கள் இரண்டும் ஒழுகின. ஈப்போவிலிருந்து வேறு சிலிண்டர்கள் வந்ததும், பக்கெட்டுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்துவிட்டு, நானும் மெக்கானிக் முனியாண்டியும் வேலையைத் தொடங்கினோம்.

எண்ணெய்க் குழாய்களைக் கழற்றியவன் நான்.

"அடையாளம் போடலையா அண்ணே?" என்று முனியாண்டி கேட்டார்.

"எனக்குத் தெரியும்லா" என்றேன்.

சிலிண்டர்களை மாட்டி முடித்து எஞ்சினை ஓடவிட்டேன்.

"கொஞ்சம் தூக்குங்கண்ணே, கட்டைய உருவுறேன்" என்றார் அவர். தூக்கும் பக்கம்தான் லீவரை இழுத்தேன். பக்கெட் கீழே அழுந்தியது. கட்டை இரண்டாகப் பிளந்தது. தூக்கும் குழாயையும் இறக்கும் குழாயையும் இடம் மாற்றி மாட்டியிருக்கிறேன்! கட்டையை உருவுமுன் கையிலிருந்த எண்ணெயைத் துடைக்க அவர் ஒரு கணம் நின்றதால்தான் முனியாண்டியின் கை தப்பியது.

அவர் என்னைத் திட்டவில்லை. பிளந்த கட்டையைப் பார்த்துக்கொண்டே, "எங்க வீட்டுல சொல்லிடாதீங்கண்ணே" என்றார். திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

இப்போதெல்லாம் சாயத்தால் குறி போடாமல் எந்தக் குழாயையும் கழற்றுவதில்லை. பழுது பார்த்த வண்டியில் முதல் தடவை லீவரைத் தொடுமுன், "முனியாண்டி, எங்க இருக்கே?" என்று கத்துகிறேன். "பின்னால நிக்கிறேண்ணே" என்ற குரல் கேட்கும்வரை என் கை மடியிலேயே இருக்கும்.