பெரியவள் வைத்த ஆணை

நீதிமன்றத் தாழ்வாரத்தில் கிடந்த மரப்பெஞ்சில், அம்மா பெரியவளின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒரே ஒரு வார்த்தைடி. கடவுள் மேல ஆணைன்னு சொல்லிட்டு, அப்புறம் உள்ளதைச் சொல்லு. வாய் தேஞ்சா போயிடும்?"

பெரியவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்கு இரண்டு பெண்கள். ஒருத்தி பெரியவள், ஒருத்தி சின்னவள். தெருவும் தொழிற்சாலையும்கூட அவர்களை அப்படித்தான் கூப்பிட்டன. இப்போது சின்னவள் இல்லை. மெத்தைத் தொழிற்சாலையில் பிடித்த தீ, நுரைப்பஞ்சு வெட்டும் கூடத்தில் இருந்தவர்களில் ஒருவரையும் மிச்சம் வைக்கவில்லை.

பெரியவள் அதே தொழிற்சாலையில் மெத்தைகளுக்கு விளிம்பு தைப்பவள். நூல் தீர்ந்துபோய், முற்றத்துக்கு அப்பால் இருந்த சாமான் அறைக்குப் போனதால் பிழைத்தாள். திரும்பும்போது கரும்புகை. ஓடிப் போய்ப் பின்கதவைப் பிடித்தாள். வெளியே பூட்டு தொங்கியது.

"அக்கா, திறக்கா! மூச்சு முட்டுதுக்கா!"

கதவுக்கு அந்தப் பக்கம் சின்னவள். பெரியவள் கல்லை எடுத்துப் பூட்டை அடித்தாள். இரும்பு கொதித்துக் கை பொத்துப்போகும்வரை அடித்தாள். காவலாளி தள்ளி நின்று, "சாவி முதலாளிகிட்ட இருக்கு, நான் என்ன பண்ணட்டும்?" என்று கத்தினான். கதவைத் தட்டிய சத்தம் முதலில் நின்றது. பிறகு குரலும் நின்றது. பாவி மகள், அதைக் கேட்டுக்கொண்டு உயிரோடு நின்றாள்.

தீ அணைந்தபின் பார்த்தால் பூட்டைக் காணோம். கதவு திறந்தேதான் இருந்தது என்று முதலாளி சாதித்தார். காவலாளியும் அதையே ஒப்பித்தான். பூட்டைப் பார்த்ததாகச் சொல்லப் பெரியவளைத் தவிர யாருமில்லை. அவள் சொல் எடுபட்டால் சின்னவளுக்கு நியாயம் கிடைக்கும். எடுபடாவிட்டால் எல்லாம் போச்சு.

இதில் ஆணை எங்கே வந்தது என்றால், பெரியவளுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அதற்காக அவள் தலையில் இடி ஒன்றும் விழுந்துவிடவில்லை. பதினெட்டு வயதில் ஒருநாள் கண்ணை மூடி வேண்டிக்கொள்ள உட்கார்ந்தாள். எதிரே யாரும் இல்லை என்று பட்டது. எழுந்து வேலைக்குப் போய்விட்டாள். அவ்வளவுதான்.

தொழிற்சாலையில் அதையே சாக்காக வைத்துக்கொண்டார்கள். "சாமி இல்லாதவளுக்கு சாமி கும்பிட லீவு எதுக்கு? உட்காரு மெஷின்ல!" என்பார் மேற்பார்வையாளர். சின்னவள்தான் பரிந்துகொண்டு வருவாள். "எங்கக்கா பங்கையும் சேர்த்து நானே கும்பிட்டுக்கறேன் சார். ரெண்டு ஆள் லீவு குடுங்க!"

கொஞ்ச காலமாக இவளைப் போலக் கடவுளை நம்பாதவர்கள் ஊரில் ஒருவரையொருவர் கண்டுகொண்டிருந்தார்கள். கணக்கு டீச்சர் ஒருத்தி முன்னால் நின்று ஒரு கூட்டத்தைச் சேர்த்திருந்தாள். ஒருநாள் எல்லோரும் வரிசையாகச் சாலையோரம் நின்றார்கள். மறுநாள் செய்தித்தாளில் படம் வந்தது. நடுவில் பெரியவள், கையில் அட்டை. அம்மா அழுது தீர்த்தாள். சின்னவள் மட்டும் படத்தை உற்றுப் பார்த்து, "மூக்குதான்க்கா கொஞ்சம் பெருசா விழுந்திருக்கு" என்றாள்.

அப்படிப்பட்ட தங்கைக்காகத்தான் இன்று சாட்சி சொல்ல வந்திருக்கிறாள்.

அரசு தரப்பு வக்கீலம்மா வழக்குக் கட்டுகளை அள்ளிக்கொண்டு வந்தாள். "ரெண்டு விதமா சொல்லலாம். கடவுள் மேல ஆணை வைக்கலாம். இல்லேன்னா மனசாட்சிப்படி உறுதி சொல்லலாம். சட்டத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"சட்டத்துக்கு ஒண்ணு, பார்க்கிறவங்க கண்ணுக்கு ஒண்ணா?" என்று அம்மா குறுக்கிட்டாள். "ஜட்ஜ் ஐயா பக்திமான்னு சொல்றாங்க. இவ வேற மாதிரி சொன்னா, இவளா, இவ எப்படிப்பட்டவளோன்னு நினைக்க மாட்டாரா? வக்கீலம்மா, நீங்களே சொல்லுங்க."

அதற்குள் உள்ளே பெயர் கூப்பிட்டுவிட்டார்கள்.

அம்மா சட்டென்று குனிந்து மகளின் காலைத் தொட்டாள். "உன் தங்கச்சிக்காகடி!"

பெற்றவள் காலில் விழுந்தால் எந்தப் பெண்ணின் நெஞ்சு தாங்கும்? பெரியவள் கூண்டில் ஏறினாள். "கடவுள் மீது ஆணையாக நான் சொல்வதெல்லாம் உண்மை" என்றாள். வாழ்க்கையில் முதன்முறையாகச் சொன்னாள். பின்வரிசையில் கணக்கு டீச்சரின் முகம் சுருங்கியதை அவள் பார்த்தாள்.

பூட்டைப் பற்றிச் சொன்னாள். கல்லைப் பற்றிச் சொன்னாள். தங்கையின் குரலைச் சொல்லும்போது எழுத்தர்கூடப் பேனாவை நிறுத்தினார்.

முதலாளியின் வக்கீல் எழுந்தார். அதட்டவில்லை. பழைய செய்தித்தாள் ஒன்றை மரியாதையாக நீட்டினார்.

"இந்தப் படத்துல இருக்கிறது நீங்கதானேம்மா?"

"ஆமாங்க."

"கையில அட்டை வெச்சிருக்கீங்க. கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க."

பெரியவள் படித்தாள். "கடவுளை நம்பாத நாங்களும் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான்."

"நல்லா இருக்கு. நான் ஒண்ணும் குறை சொல்லலே. அது உங்க உரிமை. இன்னிக்கும் நம்பிக்கை இல்லைதானே?"

"இல்லைங்க."

"அப்போ கொஞ்சம் முன்னாடி இந்த கோர்ட்டுல, இல்லைன்னு நீங்க நினைக்கிற ஒருத்தர் மேல ஆணை வெச்சீங்க. ஏன்?"

"எங்கம்மா கேட்டாங்க."

யாரோ சிரித்தார்கள். வக்கீல் சிரிக்கவில்லை. "பாவம், பெத்தவங்க கேட்டா மறுக்க முடியாது. அம்மா சொன்னாங்கன்னு மனசுல இல்லாததைச் சொல்லிட்டீங்க. கதவுல பூட்டு இருந்துச்சுன்னு சொல்லச் சொன்னது யாரும்மா?"

"ஐயா!" பெரியவள் நீதிபதியை நோக்கிக் கைகூப்பினாள். "நான் மறுபடியும் சொல்றேன். மனசாட்சிப்படி சொல்றேன். பூட்டு இருந்துச்சுங்க ஐயா. இந்தக் கையால அடிச்சேன்!"

வடு ஏறிய உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினாள். நீதிபதி அதைப் பார்க்கத்தான் செய்தார். பிறகு குனிந்து ஏதோ எழுதிக்கொண்டார்.

தீர்ப்பு வந்த அன்று பெரியவளுக்குக் காதில் விழுந்தது இவ்வளவுதான்: சாட்சி நம்பத்தகுந்தவர் அல்ல, கதவு பூட்டியிருந்தது நிரூபிக்கப்படவில்லை. முதலாளி விடுதலையாகிக் காரில் ஏறினார்.

வாசலில் கணக்கு டீச்சர் காத்திருந்தாள். "நேரா நின்னிருந்தா அந்த ஆளுக்குக் கேள்வியே இருந்திருக்காது. இனிமே நம்மள்ல யார் கூண்டுல ஏறினாலும் இதைத்தான் எடுத்துக் காட்டுவாங்க. ஏன்டி இப்படிப் பண்ணினே?"

"நீ உன் அம்மாவை உன் காலடியில பார்த்திருக்கியா?" என்று கேட்டாள் பெரியவள். டீச்சர் அதற்குமேல் அங்கே நிற்காமல் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து அம்மா விளக்குப் போடவில்லை, அடுப்புப் பற்றவைக்கவில்லை. இரண்டு பெண்களும் முன்பு பாய் விரித்த மூலையில் சுருண்டு உட்கார்ந்தாள். பெரியவள் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அம்மா வாங்கிக்கொள்ளாமல் அவள் முகத்தையே பார்த்தாள்.

"ஒண்ணு கேட்கட்டா? கோவிச்சுக்க மாட்டியே?"

"கேளும்மா."

"நிஜமாவே பூட்டு இருந்துச்சா?"

பெரியவளின் கையிலிருந்த தண்ணீர் தளும்பித் தரையில் சிந்தியது.

"இருந்துச்சும்மா."

"சரி" என்றாள் அம்மா. சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த ஒற்றைச் சொல்லில் நம்பிக்கை இருந்ததா என்று பெரியவளுக்குத் தெரியவில்லை. பழந்துணி ஒன்றை எடுத்துவந்து ஈரத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.