அன்றைக்கு மூடுபனி இல்லை

என் கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற இரண்டாவது வருடம், ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, நாங்கள் இருவரும் காரில் ஊர் பார்க்கக் கிளம்பினோம். தூரத்து ஊர்கள் இல்லை. குன்னூரில் எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய சின்ன ஊர்கள்தான். அவர் முப்பது வருடம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இந்த ஊர்களின் பெயர்களை பஸ் போர்டுகளில் தினமும் பார்த்திருக்கிறோம். கல்யாணத்துக்கோ துக்கத்துக்கோ போய்த் தலையைக் காட்டிவிட்டு ஓடி வந்திருக்கிறோம். சும்மா இறங்கி ஒரு தெருவில் நடந்ததில்லை.

யோசனை அவருடையது. "எங்கெங்க இருந்தோ வந்து பாத்துட்டுப் போறாங்க. நாமளும் ஒரு நாள் டூரிஸ்ட் மாதிரி சுத்திட்டு வரலாம் அம்மிணி. ஜெகதளா, கோத்தகிரி, அரவேணு, அப்படியே பொழுதோட வந்தர்லாம்" என்றார்.

எங்கள் ஒரே மகன் பெங்களூரில் இருக்கிறான். வீட்டில் எங்களைத் தேடுவதற்கு யாரும் இல்லை. நான் தக்காளி சாதம் கிளறி டப்பாவில் வைத்தேன். அவர் பின்சீட்டில் ஒரு தலையணையும் போர்வையும் எடுத்துப் போட்டார். நடுவில் எங்காவது நிறுத்திக் கொஞ்சம் தூங்கலாம் என்று சொல்லிச் சிரித்தார். உறைபனி விழும் மாதம் அது. விடியற்காலையில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். எட்டு மணிக்கு மேல் வானத்தில் ஒரு பொட்டு மேகம் இருக்காது.

அவர் மெதுவாகத்தான் ஓட்டினார். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்து முந்திக்கொண்டு போயின. வயசாகிவிட்டது, நிதானம் வந்துவிட்டது என்று நினைத்தேன். உள்ளுக்குள் சந்தோஷம்கூட. சின்ன வயதில் அவர் வண்டி ஓட்டுவதைப் பற்றித்தான் எங்களுக்குள் நிறைய சண்டை.

ஜெகதளாவில் காரை ஓரங்கட்டிவிட்டு வரிசை வீடுகளுக்கு நடுவே நடந்தோம். வெயிலில் போர்வைகள் காய்ந்துகொண்டிருந்தன. அவர் ஒவ்வொரு வீட்டையும் நின்று, முகத்தை நேராகத் திருப்பி வைத்துக்கொண்டு, ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு வாசலில் நிறுத்தியிருந்த பைக்கில் இடித்துக்கொண்டு முழங்காலைத் தேய்த்தார். "நடுவழியில கொண்டாந்து நிறுத்திருக்கான் பாரு" என்றார். பைக் சுவரை ஒட்டித்தான் நின்றது. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டேன்.

கோத்தகிரி மார்க்கெட்டில் அவரோடு ஃபேக்டரியில் வேலை பார்த்த ஒருவர் பக்கவாட்டிலிருந்து கை தூக்கி வணக்கம் வைத்தார். இவர் திரும்பவே இல்லை. அந்த மனிதர் முகம் சுண்டிப்போய் நகர்ந்துவிட்டார். நான் சொன்னதும், "அப்படியா? ஏதோ யோசனையில இருந்துட்டேன்" என்றார். அதன் பிறகு மார்க்கெட்டை விட்டு வெளியே வரும்வரை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் கடைத்தெருவில் அவர் என் கையைப் பிடித்ததில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. பிடித்தும் இருந்தது.

அரவேணுவைத் தாண்டி ஒரு தேயிலைத் தோட்டத்துக் கட்டைச்சுவரில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கீழே சரிவு முழுக்கப் பச்சை. "இத்தனை நாள் எதுக்கு வராம இருந்தோம்?" என்றார். "லீவு எங்கீங்க இருந்துச்சு?" என்றேன். அவர் சாப்பிட்டு முடித்த பிறகும் எதிரே இருந்த மலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றைய தினத்தில் நல்லதாக இருந்தது அந்த அரைமணி நேரம்தான்.

மூன்றரை மணிக்குக் கிளம்பினோம். காரில் ஏறுவதற்கு முன்னால் முன்கண்ணாடியைத் துணியால் துடைத்தார். உட்கார்ந்த பிறகு, "மிஸ்ட் எறங்குது போல" என்றார்.

"எங்கீங்க? நல்லா வெயில் அடிக்குது."

"கண்ணாடிதான் அழுக்கா இருக்குது" என்று இறங்கி மறுபடியும் துடைத்தார்.

அந்த இடத்தில் நான் கேட்டிருக்க வேண்டும். இறங்குங்கள், பஸ்ஸில் போகலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஒரு நல்ல நாளைக் கெடுத்துக்கொள்ள மனசு வரவில்லை. அதைவிட, கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயம். சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன்.

திரும்பும் வழியில், கூட்டம் இல்லாத எஸ்டேட் ரோட்டில் வந்தோம். ஒரு வளைவு முடிந்து ரோடு நேராகப் போகும் இடம். இடது பக்க ஓரத்தில் ஒரு பெண் தலையில் தேயிலைக் கொழுந்து மூட்டையோடு எதிரே நடந்து வந்துகொண்டிருந்தாள். எடை போடும் ஷெட்டுக்குப் போகிறாள் போல. நான் அவளைத் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். அவரும் பார்த்திருப்பார் என்று இருந்தேன். கார் விலகவில்லை. வேகமும் குறையவில்லை. "ஏனுங்க, ஆளு" என்றேன். கத்தவில்லை, சொன்னேன். அதற்குள் சத்தம் கேட்டுவிட்டது. பெரிய சத்தம்கூட இல்லை.

அவர் பிரேக் போட்டார். இரண்டு கைகளும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. என் பக்கம் திரும்பி, "என்னது அம்மிணி? என்ன பட்டுச்சு?" என்று கேட்டார்.

எதை இடித்தோம் என்பது அவருக்குத் தெரியவில்லை. ரோடெல்லாம் கொழுந்து சிதறிக் கிடந்தது. அவள் ஓரத்து வாய்க்காலில் விழுந்து கிடந்தாள்.

மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் இறங்கி ஓடி வந்தார்கள். யாரும் எங்களைத் திட்டவில்லை, அடிக்க வரவில்லை. அவளைத் தூக்குவதிலேயே எல்லோருடைய கவனமும் இருந்தது. தோட்டத்து சூப்பர்வைசர் எங்கள் கார் சாவியை வாங்கிக்கொண்டு தானே ஓட்டினார். பின்சீட்டில் அவள் தலை என் மடியில் இருந்தது. காலையில் என் கணவர் எடுத்துப் போட்ட போர்வையை அவள் மேல் போர்த்தினேன். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வலியில் கண்ணை மூடிக்கொண்டே, "ஓரமாத்தாம்மா வந்தேன். ஓரமாத்தான் வந்தேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தப்பு அவளுடையது என்று நான் சொல்லிவிடுவேனோ என்று பயந்த மாதிரி.

என் கணவர் பின்னால் ஒரு பிக்கப் வண்டியில் வந்து சேர்ந்தார். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். அப்போதுதான் சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டு, ஃபேக்டரியில் அறிக்கை வாசிப்பது போல ஒரே குரலில் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன்னால் கோயம்புத்தூருக்குத் தனியாகப் போய்க் கண்ணைக் காட்டியிருக்கிறார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பக்கப் பார்வை முழுவதும் போய்விட்டது, போனது திரும்பி வராது, இனிமேல் வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தேயிலைத் தூசியால் வந்த கண் எரிச்சலுக்கு என்று சொல்லி ராத்திரி அவர் விட்டுக்கொண்ட சொட்டு மருந்து அதற்குத்தான்.

"இப்ப எவ்வளவு தெரியுது?" என்றேன்.

"நேரா ஒரு தட்டளவு தெரியும். அதுவும் சாயங்காலமானா புகை மாதிரி ஆயிரும்."

"அப்புறம் எதுக்குங்க இன்னைக்கு வந்தீங்க?"

"தெரியறப்பவே எல்லாத்தையும் ஒருக்கா பாத்தரலாம்னு நெனச்சேன்" என்றார். "உன்னையும் கூட்டிட்டு."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அதைச் சொல்ல வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே ஒரு போலீஸ்காரர் நோட்டோடு வந்து நின்றார். மரியாதையாகத்தான் கேட்டார். "எப்படீங்க சார் ஆச்சு? மிஸ்ட் ஏதாச்சும் இருந்துச்சுங்களா?"

என் கணவர் வாயைத் திறந்தார். அவர் உண்மையைத்தான் சொல்லப் போகிறார் என்று அந்த முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. நான் முந்திக்கொண்டேன்.

"ஆமாங்க. அந்த வளைவுல மட்டும் திடீர்னு மிஸ்ட் வந்து மூடிருச்சுங்க. ஒண்ணுமே தெரியலைங்க."

இந்த மலையில் யாரும் அதை மறுக்க முடியாது. ஒரு வளைவில் வெயிலும் அடுத்த வளைவில் புகையுமாக இருக்கும் இடம் இது. போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். என் கணவர் என்னைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். எந்த இடத்தில் போடுவது என்று நான் விரலை வைத்துக் காட்டினேன்.

அவளுக்கு இடுப்புப் பக்கத்தில் தொடை எலும்பு முறிந்திருந்தது. கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தார்கள். செலவு எங்களுடையது. அதைச் செய்ததற்காக எங்களை நல்லவர்கள் என்று நாலு பேர் சொன்னார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது. நான் லீவு போட்டுவிட்டு நாலைந்து தடவை போய்ப் பார்த்தேன். நாலு வயதில் சிலோனிலிருந்து அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்தவள். புருஷன் இல்லை. பன்னிரண்டாவது முடித்து, குன்னூரில் தையல் கற்றுக்கொண்டிருந்த ஒரே மகள். கட்டிலுக்குப் பக்கத்தில் அந்தப் பெண்தான் எப்போதும் இருந்தாள். என்னிடம் அதிகம் பேச மாட்டாள்.

வாக்குமூலம் வாங்கப் போலீஸ் வந்த அன்று நான் அங்கே இருந்தேன். எழுதியிருந்ததை அவளுக்கு வாசித்துக் காட்டினார்கள்.

"மிஸ்டா?" என்றாள் அவள். "மிஸ்ட் எங்கங்க இருந்துச்சு? வெயில் சுள்ளுன்னு அடிச்சுதே. கார் வர்றத நான் தூரத்துல இருந்தே பாத்தேன். அவுங்களும் என்னயப் பாத்திருப்பாங்கன்னுதான் நடந்தேன்."

பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர், "அடிபட்டதுல ஒனக்கு ஞாபகம் பெரண்டுருக்கும். வாதாடிட்டு இருந்தா கேஸ் இழுத்துக்கிட்டே போகும், இன்ஷூரன்ஸும் வராது" என்றார். அவள் என் பக்கம் பார்த்தாள். நான் சொன்னால் நம்பிவிடலாம் என்பது போலப் பார்த்தாள். நான் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

கேஸ் முடிந்தது. காரை விற்றோம். நானும் அவரும் அதைப் பற்றி வீட்டில் பேசுவதை நிறுத்திவிட்டோம். ஒரே ஒரு தடவை அவர், "நீ சொல்லாம இருந்திருந்தா நான் சொல்லிருப்பேன்" என்றார். "சொல்லிருந்தா உங்களை உள்ள வச்சிருப்பாங்க" என்றேன். "வச்சிருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான்.

எட்டு மாதம் கழித்து நான் தனியாக அவர்கள் லயத்துக்குப் போனேன். எஸ்டேட் வீடுகளை அவர்கள் லயம் என்றுதான் சொல்கிறார்கள். கம்பு ஊன்றித்தான் அவளால் நடக்க முடிந்தது. சரிவில் ஏறிக் கொழுந்து பறிக்க இனிமேல் முடியாது. எஸ்டேட் வீட்டில் இருக்க வேண்டுமென்றால் வீட்டில் யாராவது ஒருவர் எஸ்டேட் வேலையில் இருக்க வேண்டும். மகள் தையலை விட்டுவிட்டு அம்மாவின் இடத்தில் பேர் கொடுத்திருந்தாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண், டாக்டர் சொன்னது, நான் சொன்ன பொய். சொல்லி முடித்ததும் மன்னிப்புக் கேட்டேன். அவள் அழவில்லை. கோபப்படவுமில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள் காலைக் கையால் தூக்கி வேறு பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"இத எதுக்கு டீச்சர் இப்ப என்கிட்ட சொல்றீங்க?" என்றாள். "இத வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

நான் சுவரில் சாய்த்திருந்த கம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒங்களுக்கு மனசு கேக்கல, சொல்லிட்டீங்க. இனி ராத்திரி நான் இத நெனச்சுக்கிட்டுப் படுத்துருக்கணும். முன்னாடி, ஏதோ நேரம் சரியில்லன்னு இருந்தேன்." தொடையை நீவிக்கொண்டு, "இனிமே வராதீங்க டீச்சர். நீங்க வந்தா நான் எந்திரிச்சு ஒக்கார வேண்டியிருக்கு. வலிக்குது" என்றாள்.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். அவர் மறுவாரம் சட்டையை மாட்டிக்கொண்டு, ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போ என்றார். போனோம். எழுதிக்கொண்டவர் மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்திருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, அது முடிஞ்சு போன கேஸுங்க. அந்தம்மாவை மறுபடி அலைய வைக்கப் போறீங்களா? ஊட்டுக்குப் போங்க" என்றார். என் கணவர் எழுந்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார். நான் தோளைத் தொட்டு எழுப்பிக் கூட்டி வந்தேன்.

இப்போது அவருக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரிகிறது. மாதம் ஒரு முறை டாக்டரிடம் போய்விட்டு பஸ்ஸில் திரும்புகிறோம். சென்ற மாதம் கோத்தகிரியிலிருந்து திரும்பிய பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. இரண்டு சீட் முன்னால் அடிபட்டவளின் மகள் உட்கார்ந்திருந்தாள். கையில் மருந்துக்கடைப் பை. யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பியவள் எங்களைப் பார்த்தாள். முதலில் என்னை, பிறகு அவரை.

என் உடம்பு இறுகியது அவருக்குத் தெரிந்துவிட்டது. "யாரு?" என்றார் மெதுவாக.

"அந்தம்மா பொண்ணு."

அவர் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். என்ன சொல்ல நினைத்தாரோ, எனக்குத் தெரியாது. பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்றது. அந்தப் பெண் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கி இறங்கிப் போனாள். அது அவள் இறங்க வேண்டிய இடம் இல்லை. அங்கிருந்து அவர்கள் லயத்துக்கு மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஏற்றம்.