முறை வைத்து நிறுத்துங்கள்

என் மகன் குமார் காரைக் கிளப்பும் முன் ஓட்டுநர் உரிமத்தைப் பையிலிருந்து எடுத்து, முன்கண்ணாடிக்குக் கீழே பளிச்சென்று தெரியும்படி வைக்கிறான். அமெரிக்கா வந்த புதிதில் இது இந்த நாட்டுச் சட்டம் என்று நினைத்தேன். எதிர்வீட்டு வெள்ளைக்காரர் அப்படி வைப்பதில்லை. எதையும் எண்ணிப் பார்ப்பது என் வியாதி. பழவேற்காட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்தியவன். நான் வந்த ஏழு மாதத்தில் குமாரைப் போலீஸ் ஐந்து முறை நிறுத்தியிருக்கிறது. எதிர்வீட்டுக்காரரை ஆயுளில் ஒருமுறைகூட நிறுத்தியதில்லையாம்.

ஐந்தாம் முறை நானும் காரில் இருந்தேன். கடைக்குப் போய்த் திரும்பும்போது பின்னால் போலீஸ் கார் விளக்கு சுழன்றது. நம் ஊரில் போலீஸ் கைகாட்டினால் வண்டியை ஓரங்கட்டி, இறங்கிப் போய், தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு 'ஐயா' என்போம். உட்கார்ந்தபடி பதில் சொன்னால் திமிர். அந்தப் பழக்கத்தில் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டேன்.

"நைனா, எறங்காத! கைய வெளிய காட்டு! உன் கால்ல உயுறேன், உள்ள குந்து நைனா!"

அவன் அப்படி அலறி நான் கேட்டதில்லை. போலீஸ்காரரின் கை இடுப்புத் துப்பாக்கியில் இருந்தது. சின்னப் பையன், அவருக்கும் பயம். "இது யாருடைய கார்?" என்று மட்டும் கேட்டார். குமாருடையதுதான் என்று தெரிந்ததும் போகச் சொன்னார். குமாரால் உடனே வண்டியை எடுக்க முடியவில்லை.

"இன்னொரு வாட்டி எறங்குனன்னா சுட்டுடுவான் நைனா. உன்ன இல்லன்னா என்ன."

அதன் பிறகு அவன் வேலைக்குப் போய்த் திரும்பும்வரை எனக்குச் சோறு இறங்குவதில்லை. வட்டாரப் போலீஸ் மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்கிறது என்று தெரிந்ததும், அவனையும் இழுத்துக்கொண்டு போனேன்.

பழவேற்காட்டில் எங்கள் மீனவக் குப்பமான கோட்டைக்குப்பத்தில், ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் கொஞ்சம்தான். யார் எந்த நாளில் அங்கே வலை போடுவது என்று ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கி முறை வைக்கும். இதைப் பாடு என்போம். முறை வந்தவன் பிடித்தவனா, பிடிக்காதவனா என்று யாரும் முகம் பார்க்க முடியாது. கூட்டத்தில் எழுந்து என் இங்கிலீஷில் இதைத்தான் சொன்னேன். அதிகாரி சிரித்த முகத்தோடு, "மீன் பிடிக்க அனுமதி தருவது வேறு அலுவலகம்" என்றார்.

குமார் எழுந்து விளக்கினான். "குற்றம் கண்டால் பிடியுங்கள். சும்மா சோதிப்பதென்றால் முறை வையுங்கள் என்கிறார் அப்பா. பத்தாவதாக வரும் கார் யாருடையதானாலும் நிற்கட்டும்."

கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் திரும்பி, "அப்போது நானும் நிற்கவேண்டி வருமா?" என்று கேட்டார்.

"உங்கள் முறை வந்தால் நிற்கவேண்டும், அம்மா" என்றேன்.

கைதட்டல் அடங்கியது. "நான் ஒன்றும் செய்யவில்லையே!"

"என் மகனும்தான்."

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளி வாசலில் கார் நிறுத்தும் பிரச்சினைக்குப் போய்விட்டார். எல்லோரும் அதை ஆர்வமாகப் பேசினார்கள்.

வழியில் குமார் கேட்டான்: "ஊருக்கே வந்துடட்டா நைனா? சித்தப்பாகிட்ட சொன்னா நம்மளையும் பாடு மொறயில சேப்பாங்களா?"

"பாக்கலாம்டா" என்றேன். ஊரை விட்டுப் போனவனுக்குப் பாடு கிடையாது. குமாரின் இடத்தில் அவன் சித்தப்பா மகன் வலை போட்டுக்கொண்டிருக்கிறான். அங்கே குமாரின் முறை முடிந்துவிட்டது. இங்கே தினமும் அவன் முறைதான்.